வளைவில் பஸ் திரும்பும்போது நம்மை வெளியே தள்ளுவது எது? (சீரான வட்ட இயக்கம்)

கொட்டகலை மாணவி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் உயர்தரம் கணிதப் பிரிவில் படிக்கிறேன். வட்ட இயக்கம் வகுப்பில் முடிந்துவிட்டது. கடந்தகால வினாத்தாள் கணக்குகளும் ஓரளவு வருகின்றன. ஆனால் விஷயம் மனதில் உட்காரவே இல்லை.

டியூசனுக்கு கொட்டகலையிலிருந்து நுவரெலியா போகிறேன். நானுஓயா தாண்டி ஏறுகிற வளைவுகளில் பஸ் இடது பக்கம் ஒடித்தால் நான் வலது பக்கம் சாய்கிறேன். மூன்று பேர் இருக்கிற சீற்றில் நடுவில் இடம் கிடைத்தால், சன்னலோரம் இருக்கிறவர் மேல் போய் மோதாமல் இருக்க முன் சீற்றின் கம்பியை இறுக்கிப் பிடிக்க வேண்டும். புத்தகமோ விசை மையத்தை நோக்கி, அதாவது உள்ளே என்கிறது. உள்ளே விசை இருந்தால் நான் உள்பக்கம்தானே விழ வேண்டும்?

இன்னும் இரண்டு சந்தேகம். கதி மாறவே இல்லை என்றால் ஆர்முடுகல் (வேகம் மாறும் வீதம்) எங்கிருந்து வருகிறது? அந்த ஆர்முடுகல் மையத்தை நோக்கித்தான் என்றால், சுற்றுகிற பொருள் ஏன் ஒருநாளும் மையத்துக்கு வந்து சேர்வதில்லை?

சூத்திரம் தெரியும். ஏன் என்பதுதான் வேண்டும். யாராவது பொறுமையாகச் சொல்லித் தாருங்கள்.


ஊவா வாசகன் எழுதியது:

தங்கச்சி, இது லேசான விஷயம். மையநாட்ட விசை உள்ளே இழுக்கிறது, மையநீக்க விசை வெளியே தள்ளுகிறது. இரண்டும் சமன். அதனால்தான் பொருள் மையத்துக்கும் போகாமல் வெளியேயும் பறக்காமல் வட்டத்திலேயே நிற்கிறது. சந்திரன் பூமியில் விழாததும் இதனால்தான்.


பண்டாரவளை ஆசிரியர் எழுதியது:

மேலே உள்ள பதிலை அப்படியே விட முடியாது. ஊருக்கு ஊர் பிள்ளைகள் இதையே எழுதிப் புள்ளி இழக்கிறார்கள். இரண்டு விசையும் சமன் என்றால் விளையுள் விசை, அதாவது எல்லா விசையும் சேர்ந்த மொத்தம், பூச்சியம். விளையுள் பூச்சியமானால் நியூட்டனின் முதலாம் விதிப்படி பொருள் நேர்கோட்டில் போக வேண்டும். அங்கே வட்டம் என்ற பேச்சுக்கே இடமில்லை. வட்டத்தில் போகிறது என்று சொன்ன அந்த நிமிடமே, விசைகள் சமப்படவில்லை என்று ஒத்துக்கொண்டதாகிவிடும்.

மகள், உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அது விளங்கினால் மற்ற இரண்டும் தானாக வரும்.

ஒரு கொண்டை ஊசி வளைவை எடுப்போம். ஆரை 15 மீற்றர் என்று வையுங்கள். பஸ் மணிக்கு 18 கிலோமீற்றரில், அதாவது செக்கனுக்கு 5 மீற்றரில், அரை வட்டம் சுற்றி வெளியே வருகிறது. கதிமானியின் முள் 18ஐ விட்டு அசையவில்லை. ஆனால் உள்ளே நுழையும்போது பஸ்ஸின் முகம் வடக்கே, வெளியே வரும்போது தெற்கே. வடக்கே செக்கனுக்கு 5 மீற்றர் போன வண்டி இப்போது தெற்கே 5 மீற்றர் போகிறது. வடக்கு வேகம் முழுவதும் அழிந்து, அதே அளவு தெற்கே புதிதாக உண்டாகியிருக்கிறது. மொத்த மாற்றம் செக்கனுக்கு 10 மீற்றர். அரை வட்டத்தின் நீளம் 47 மீற்றர், எடுத்த நேரம் 9.4 செக்கன். ஆகவே சராசரி ஆர்முடுகல் 10ஐ 9.4ஆல் வகுத்த 1.06, அதாவது ஒவ்வொரு செக்கனிலும் வேகம் செக்கனுக்கு 1.06 மீற்றர் மாறுகிறது. ஒவ்வொரு கணத்திலும் உள்ள ஆர்முடுகல் கதியின் வர்க்கமான 25ஐ ஆரை 15ஆல் வகுத்த 1.67. சராசரி குறைவாக வருவதற்குக் காரணம், வழி நெடுக ஆர்முடுகலின் திசையும் திரும்பிக்கொண்டே இருப்பது.

முள் அசையாமல் இவ்வளவு பெரிய மாற்றம் நடப்பதற்குக் காரணம், விசை எப்போதும் போகிற திசைக்குச் செங்குத்தாக இருப்பதுதான். முன்னாலிருந்து தடுத்தால் கதி குறையும். பின்னாலிருந்து தள்ளினால் கூடும். சரியாகப் பக்கத்திலிருந்து தள்ளினால் கூடவும் மாட்டாது, குறையவும் மாட்டாது. திசை மட்டும் திரும்பும். அந்த விசை செய்யும் வேலை பூச்சியம்.

இப்போது மூன்றாவது கேள்வி. கவராயத்தை எடுத்து 15 சென்ரிமீற்றர் ஆரையில் ஒரு வட்ட வில் வரையுங்கள். ஒரு சென்ரிமீற்றர் ஒரு மீற்றர் என்று கொள்ளுங்கள். வில்லின் ஒரு புள்ளியில் தொடலி வரைந்து, அதில் 3 சென்ரிமீற்றர் தள்ளிக் குறியிட்டு, அந்த இடத்தில் தொடலிக்கும் வில்லுக்கும் உள்ள இடைவெளியை அளவுகோலால் அளந்து பாருங்கள். 3 மில்லிமீற்றர் வரும். அதாவது உண்மையான வீதியில் 30 சென்ரிமீற்றர். பஸ் அந்த 3 மீற்றரைக் கடக்க 0.6 செக்கன் எடுக்கும். ஆர்முடுகல் 1.67 உள்ள பொருள் ஓய்விலிருந்து 0.6 செக்கனில் எவ்வளவு நகரும் என்று கணக்குப் போடுங்கள். அதே 30 சென்ரிமீற்றர்.

பஸ் மையத்தை நோக்கி வந்துகொண்டுதான் இருக்கிறது. விட்டிருந்தால் போயிருக்கும் நேர்கோட்டிலிருந்து விலகி உள்ளே வருகிறது. ஆனால் வந்த அதே நேரத்தில் 3 மீற்றர் பக்கவாட்டிலும் போய்விட்டது. போன இடத்தில் நின்று பார்த்தால் மையம் பழைய தூரத்திலேயே இருக்கிறது. சந்திரனும் இதைத்தான் செய்கிறது. செக்கனுக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் பக்கவாட்டில் ஓடுகிறது, அதே செக்கனில் பூமியை நோக்கி 1.4 மில்லிமீற்றர் விழுகிறது. சந்திரன் நம்மிடமிருந்து ஏறத்தாழ 60 பூமி ஆரை தூரத்தில் இருக்கிறது. அதன் ஆர்முடுகல் இங்கே விழுகிற கல்லின் ஆர்முடுகலில் 3600இல் ஒரு பங்கு. 60இன் வர்க்கம் 3600. 1687இல் நியூட்டன் வெளியிட்ட நூலில் ஈர்ப்பு விதிக்கு இந்தப் பொருத்தம் பெரிய சான்றாக நின்றது. சந்திரனைத் தாங்கிப் பிடிக்க வெளிப்பக்க விசை எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை.

இனி உங்கள் சீற்றுக்கு வருவோம். உங்கள் திணிவு 50 கிலோ என்று வைப்போம். பஸ்ஸோடு சேர்ந்து நீங்களும் வளைய வேண்டுமானால் உங்கள் மேல் உள்நோக்கி 50 தர 1.67, அதாவது 83 நியூட்டன் விசை வேண்டும். அதை யார் கொடுப்பது? கம்பியைப் பிடிக்காமல் இருக்கிறீர்கள் என்றால் சீற்றின் உராய்வு மட்டும்தான். ரெக்சீனுக்கும் துணிக்கும் இடையே உராய்வுக் குணகம் (நிறையில் எத்தனை பங்கு வரை உராய்வு கிடைக்கும் என்ற எண்) 0.3 என்றால், சீற்றால் கூடியது 147 நியூட்டன் கொடுக்க முடியும். 83 அதற்குள் அடங்கும். நகர மாட்டீர்கள்.

அதே வளைவை மணிக்கு 27 கிலோமீற்றரில் எடுத்தால் கதி ஒன்றரை மடங்கு, தேவைப்படும் விசை இரண்டேகால் மடங்கு. 187 நியூட்டன் வேண்டும். சீற்றிடம் இருப்பதோ 147. மீதி 40ஐக் கொடுக்க ஆள் இல்லை. ஆகவே உங்கள் உடம்பு பஸ் அளவுக்கு வளையாமல் கொஞ்சம் நேராகப் போகிறது. பஸ் உங்களுக்குக் கீழே இடப்பக்கம் விலகுகிறது. சன்னலோரம் இருப்பவரின் தோள் உங்களை வந்து தொடுகிறது. தொட்டதும் அந்தத் தோள் உங்களை இடப்பக்கம், அதாவது உள்நோக்கி, 40 நியூட்டனால் தள்ளுகிறது. அப்புறம்தான் நீங்கள் பஸ்ஸோடு சேர்ந்து முழுதாக வளைகிறீர்கள். உங்கள் மேல் வெளிநோக்கித் தள்ளியது யாரும் இல்லை. நீங்கள் அவரை வெளியே தள்ளினீர்கள், அவர் உங்களை உள்ளே தள்ளினார். அவ்வளவுதான் நடந்தது.

பஸ்ஸையே நிலையான இடமாக வைத்துக் கணக்குப் போட விரும்பினால், மையநீக்க விசை என்று ஒன்றைச் சேர்த்துத்தான் ஆக வேண்டும். அது திரும்புகிற பஸ்ஸுக்குள் இருந்து பார்ப்பவரின் கணக்கு முறை, பிழையானதும் அல்ல. ஆனால் வீதியோரம் நின்று பார்ப்பவரின் படத்தில் அதைக் கொண்டுவந்து போடக்கூடாது. ஊவா வாசகன் தம்பியின் பதிலில் இந்த இரண்டும் கலந்துவிட்டன.

என் வகுப்புப் பிள்ளைகளிடம் நான் கண்டிப்பாகக் கேட்பது ஒன்றுதான். விசைப் படத்தில் மையநாட்ட விசை என்று தனியாக ஓர் அம்பு வரையாதே. உராய்வு, இழுவை, செவ்வன் மறுதாக்கம் (தொடுகிற மேற்பரப்பு செங்குத்தாகத் தள்ளும் விசை), நிறை, இவற்றில் எது உள்ளே தள்ளுகிறது என்று பெயர் சொல்லி எழுது. கொடுக்கிறவர் யார் என்று சொல்ல முடியாத விசை படத்தில் இருக்கக்கூடாது.


கொட்டகலை மாணவி எழுதியது:

சேர், மிகவும் நன்றி. வட்டம் வரைந்து அளந்தேன், 3 மில்லிமீற்றர் சரியாக வந்தது! தோள் என்னை உள்ளே தள்ளுகிறது என்பதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டேன்.

இன்னொன்று. எனக்கு விசை கொடுப்பது சீற், சரி. பஸ்ஸுக்கு யார் கொடுப்பது? டயரும் ரோட்டும்தானே? அப்படியானால் மழையில் என்ன ஆகும்?


மலைப்பாதைச் சாரதி எழுதியது:

மகள், மழையில் என்ன ஆகும் என்று நான் சொல்கிறேன். சூத்திரம் எனக்குத் தெரியாது, ஆனால் இந்தப் பக்கத்து ரோட்டில்தான் என் பிழைப்பு.

நீண்ட வெயிலுக்குப் பிறகு பெய்கிற முதல் மழைதான் பொல்லாதது. ரோட்டில் இருக்கிற எண்ணெயும் தூசியும் தண்ணீரோடு கலந்து வழுக்கும். அடைமழையில் எல்லாம் கழுவுப்பட்டுப் போனால் அதைவிடப் பரவாயில்லை, ஆனால் மேட்டிலிருந்து மண் இறங்கி வளைவின் உள்பக்கம் தங்கியிருக்கும். பனிமூட்டத்தில் அது கண்ணுக்குத் தெரியாது. அந்த மாதிரி நேரத்தில் வளைவுக்கு முன்னாலேயே பிரேக் பிடித்து, கியரைக் குறைத்து, வளைவுக்குள் போன பிறகு பிரேக்கைத் தொடாமல் ஒரே கதியில் எடுத்துவிட வேண்டும். வளைவுக்குள் போய்ப் பயந்து பிரேக்கை அமுக்கினால் வண்டி திரும்புவதை விட்டுவிடும். ஸ்டியரிங் ஒடித்துத்தான் இருக்கும், முன்பக்கம் மட்டும் நேரே பள்ளத்தைப் பார்த்துப் போகும். எனக்குத் தொழில் பழக்கியவர் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான். புதிதாக வருகிற பையன்களுக்கு நானும் இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

ஆசிரியர் ஐயா, இதற்குக் கணக்கு இருக்கிறதா? பிரேக் பிடித்தால் வண்டி நிற்கத்தானே வேண்டும், ஏன் திரும்பாமல் போகிறது? பையன்களுக்குக் காரணத்தோடு சொன்னால் கேட்பார்கள்.


பண்டாரவளை ஆசிரியர் எழுதியது:

அண்ணன், நீங்கள் சொன்னது ஒவ்வொரு வரியும் சரி. இதற்குக் கணக்கு இருக்கிறது, அழகான கணக்கு.

ரோட்டால் டயருக்குக் கொடுக்க முடிந்த உராய்வுக்கு ஓர் எல்லை உண்டு. அது ஒரே சம்பளம். திரும்புவதற்கும் நிறுத்துவதற்கும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். நனைந்த ரோட்டில் உராய்வுக் குணகம் 0.4 என்று கொண்டால், மொத்தமாகக் கிடைக்கக்கூடிய ஆர்முடுகல் 0.4 தர 9.8, அதாவது 3.9. திணிவு இதில் வெட்டுப்பட்டுப் போகிறது, வெறும் பஸ்ஸானாலும் ஆள் நிறைந்ததானாலும் எண் ஒன்றுதான்.

நாம் எடுத்த 15 மீற்றர் வளைவில், இந்த 3.9 முழுவதையும் திரும்புவதற்கே செலவழித்தால் போகக்கூடிய உச்சக் கதி செக்கனுக்கு 7.7 மீற்றர், மணிக்கு ஏறத்தாழ 28 கிலோமீற்றர். இப்போது ஒரு சாரதி 27இல் உள்ளே வந்துவிட்டார் என்று வையுங்கள். திரும்ப மட்டும் 3.75 போய்விட்டது. மீதி எவ்வளவு? 3.9இலிருந்து 3.75ஐக் கழிக்கக்கூடாது, ஒன்று மையத்தை நோக்கியும் மற்றது பின்னோக்கியும் செங்கோணத்தில் இருப்பதால் பைதகரஸ் முறையில் எடுக்க வேண்டும். பிரேக்குக்கு மிஞ்சுவது 1.1 அளவுதான். அதற்கு மேல் மிதித்தால் டயர் சறுக்கும். சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கத் தொடங்கியதும் உராய்வு முழுவதும் சறுக்குகிற திசைக்கு எதிராக, பின்னோக்கியே வேலை செய்யும். பக்கவாட்டில் தள்ள எதுவும் மிஞ்சாது. பக்கவாட்டு விசை இல்லையென்றால் நேர்கோடு. முன்பக்கம் பள்ளத்தைப் பார்த்துப் போவது அதனால்தான்.

அதே வளைவுக்குள் மணிக்கு 18இல் வந்தால் திரும்புவதற்கு 1.67தான் செலவு. அப்போது பிரேக்குக்கு 3.5க்கு மேல் கையில் இருக்கிறது. எதிரே ஒரு லொறி வந்தாலும் நிறுத்தலாம். முன்னாலேயே கதியைக் குறைக்கச் சொன்னவருக்கு இந்த எண் தெரியாமல் இருந்திருக்கலாம், விஷயம் முழுதாகத் தெரிந்திருக்கிறது.

காய்ந்த ரோட்டில் வேறோர் ஆபத்து. அங்கே டயர் நன்றாகப் பிடிக்கும். ஆனால் விசை கிடைப்பது நிலத்தில், பஸ்ஸின் திணிவு மையம் இருப்பதோ மேலே. கூரையில் சாமானும் நடைபாதையில் நிற்கிற ஆட்களும் கூடக்கூடத் திணிவு மையம் உயரும். ஓர் அளவுக்கு மேல் உயர்ந்தால் சறுக்குவதற்கு முன்னாலேயே உள்பக்கச் சக்கரங்கள் நிலத்தை விட்டு எழும்பும். ஆகவே ஆட்கள் கூடினாலும் எண் மாறாது என்று மேலே நான் எழுதியது சறுக்கலுக்கு மட்டும்தான். கவிழ்வதற்கு அது பொருந்தவே பொருந்தாது. பையன்களுக்கு இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.


தண்டவாளக்காரர் எழுதியது:

ரயிலைப் பற்றி யாரும் பேசவில்லையே. நான் பாதைப் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவன்.

மலைநாட்டுக்கு ஏறுகிற மேல்நாட்டு ரயில் பாதையில் ஏற்றம் 44க்கு 1, வளைவுகள் ஐந்து சங்கிலி ஆரை வரை இறுகியவை. ஒரு சங்கிலி 66 அடி, ஆகவே ஐந்து சங்கிலி ஏறத்தாழ 100 மீற்றர். 5 அடி 6 அங்குல அகலப் பாதைக்கு இது மிகவும் இறுக்கமான வளைவு. இங்கே விசை கொடுப்பது யார் என்று ஆசிரியர் கேட்டால், என் பதில்: பாதியை நாங்கள் கொடுக்கிறோம். வெளித் தண்டவாளத்தை உள் தண்டவாளத்தை விட உயர்த்தி வைக்கிறோம். பெட்டி உள்பக்கம் சாய்கிறது, தண்டவாளம் சக்கரத்தைத் தாங்குகிற விசையும் சாய்கிறது, அந்தச் சாய்வில் ஒரு பங்கு மையத்தை நோக்கித் திரும்புகிறது. மணிக்கு 25 கிலோமீற்றரில் 100 மீற்றர் ஆரைக்கு ஆர்முடுகல் 0.48. அதை முழுவதும் சாய்விலிருந்தே எடுக்க வேண்டுமானால் வெளித் தண்டவாளம் 8 சென்ரிமீற்றர் உயர வேண்டும். அதைவிட வேகமாக வந்தால் மிச்ச விசையை வெளிச் சக்கரத்தின் விளிம்பு தண்டவாளத்தில் உரசித்தான் பெற வேண்டும். வளைவில் கேட்கிற அந்தக் கிறீச் சத்தத்தில் இந்த உரசலுக்கும் பங்கு உண்டு. வெளித் தண்டவாளத்தின் உள்முகத்தை விரலால் தடவிப் பார்த்தால் தேய்ந்து கூர்மையாக இருப்பது தெரியும்.

வேகம் குறைந்தால் மறுபக்கம் பிரச்சினை. சிக்னல் கிடைக்காமல் வளைவிலேயே ரயில் நின்றுவிட்டால் ஆர்முடுகல் இல்லை, சாய்வு மட்டும் இருக்கிறது. பாரம் உள் தண்டவாளத்தில் இறங்கும். பெட்டிக்குள் கோப்பையில் தேநீர் இருந்தால் உள்பக்க விளிம்பை நோக்கி ஏறி நிற்கும். ரயில் சரியான வேகத்தில் ஓடினால் அதே வளைவில் தேநீர் பெட்டியின் தளத்துக்குச் சமாந்தரமாக நிற்கும்.

மகள் அதே பாதையில் உள்ள தெமோதரை பக்கம் போனால் ஸ்டேசனில் இறங்கிப் பாருங்கள். பாதை வளைந்து சுற்றி, ஸ்டேசனுக்குக் கீழே உள்ள சுரங்கத்தால் வந்து போகிறது.


கொட்டகலை மாணவி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இன்று பஸ்ஸில் தண்ணீர்ப் போத்தலை நூலில் கட்டி மேல் கம்பியில் தொங்கவிட்டேன். வளைவில் வெளிப்பக்கம் சாய்ந்து, கொஞ்சம் ஆடி, பிறகு சாய்ந்தபடியே நின்றது. நூலின் இழுவையில் உள்நோக்கிய பங்குதான் போத்தலுக்குக் கிடைக்கிற விசை என்று இப்போது சொல்ல முடிகிறது. மணிக்கு 18 கிலோமீற்றர், 15 மீற்றர் ஆரை என்றால் சாய்வு ஏறத்தாழ 10 பாகை வர வேண்டும் என்றும் கணித்தேன்.

கடைசியாக ஒன்று. அம்மா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அங்கே வாட்டிய கொழுந்தை உருட்டுகிற ரோலரின் மேல் பாத்திரம் வட்டமாகச் சுற்றுகிறது. நடுவில் இருக்கிற கொழுந்துக்கு ஆரை பூச்சியம், ஆகவே ஆர்முடுகலும் பூச்சியமா?


பண்டாரவளை ஆசிரியர் எழுதியது:

நல்ல கேள்வி. அடுத்த முறை போனால் பாத்திரத்தின் விளிம்பில் ஓரிடத்தில் சோக்கால் குறியிடச் சொல்லி, தள்ளி நின்று பாருங்கள். குறி சன்னல் பக்கம் பார்த்தபடி இருந்தால், சுற்று முழுவதும் சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கும். பாத்திரம் தன்னைத் தானே சுற்றவில்லை. மூன்று கிராங்குகள் (சுழலும் கைகள்) அதை அப்படியே தூக்கி வட்டத்தில் நகர்த்துகின்றன. ஆகவே பாத்திரத்தின் ஒவ்வொரு புள்ளியும் ஒரே அளவான வட்டத்தில் போகிறது, நடுப்புள்ளியும் சேர்த்து. ஆரை என்பது இங்கே பாத்திரத்தின் நடுவிலிருந்து அளப்பதல்ல, கிராங்கின் நீளம். அது 30 சென்ரிமீற்றர், நிமிடத்துக்கு 45 சுற்று என்று வைத்தால், பாத்திரத்தின் எந்த இடத்திலும் ஆர்முடுகல் 6.7. அது நம் பஸ்ஸைப் போல நான்கு மடங்கு.

கொழுந்துக்கு அந்த விசையைக் கொடுப்பது பாத்திரத்தின் சுவரும், பக்கத்துக் கொழுந்தும், கீழே உள்ள மேசையின் உராய்வும். மேசை அசையாமல் நிற்கிறது, சுவர் நகர்கிறது. அந்த இரண்டுக்கும் இடையில் அகப்பட்டுத்தான் கொழுந்து முறுகுகிறது.